எனக்கு ஒண்ணும் நாறலீங்களே

தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை எங்கள் வீட்டில் வைக்க வந்தபோது அவர் இடது கையில் ஒரு செத்த கோழி தொங்கிக்கொண்டிருந்தது. காலைப் பிடித்திருந்தார். தலை கீழே ஆடியது. அலகிலிருந்து என்னவோ சொட்டி, காலையில் நான் போட்ட கோலத்தின் மேல் விழுந்தது.

"அம்மிணி, தட்டம் எடுத்துட்டு வா. பத்திரிகை வெக்கோணும்" என்றார்.

நான் கோழியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதா? குழியில போடத்தான் போனேன். போட்டுட்டு, கை கழுவிட்டு வாரதுக்குள்ள மறந்து போயிருமல்லொ. அதான் அப்பிடியே வந்துட்டேன்."

அவர் மனைவி வெற்றிலை பாக்குத் தட்டோடு பின்னாலேயே ஓடி வந்தார். "ஏனுங்க, நல்ல காரியத்துக்கு வந்துட்டு அதையெதுக்குங்க கையில புடிச்சுட்டு இருக்கறீங்க! கீழ போடுங்க!" என்று பல்லைக் கடித்தார். அவர் கோழியை எங்கள் வாசற்படி ஓரமாக வைத்தார், ஏதோ பையை வைப்பதுபோல. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வீடு தேடி வந்து கொடுப்பதை வாங்காமல் எப்படி இருப்பது? அவர்கள் போன பிறகு பத்திரிகையை வெயிலில் வைத்தேன். பத்திரிகையை மறக்காதவர் கோழியை மறந்துவிட்டுப் போயிருந்தார். அதைக் குச்சியால் தள்ளிக் கொண்டுபோய்ப் புதைத்தவளும் நான்தான்.

அவர் என் கணவருக்குச் சித்தப்பா முறை. எனக்கு மாமா. எங்கள் வீட்டுக்கு மேற்கே, இரண்டு பக்கமும் வேலி அடைத்த வண்டித்தடம் ஒன்று போகும், இட்டேரி என்போம். அதைத் தாண்டினால் அவர் காடு. எங்களுடையதும் அவருடையதும் ஒரு காலத்தில் ஒரே காடு. மரவள்ளிக் குச்சிக் கிழங்கும் சோளமும் விளைகிற செம்மண். மல்லசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்தால் எங்கள் நிறுத்தம் எது என்று கண்டக்டர் சொல்ல வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டே இறங்கலாம். அவர் காட்டில் கோழிப்பண்ணை வந்த பிறகு அப்படி ஆகிவிட்டது.

முட்டைக் கோழிப் பண்ணை. முன்னூறு அடி நீளத்துக்கு ஒரே ஷெட்டு. கம்பிக் கூண்டுகளில் கோழிகள் மேலே நிற்கும். எச்சம் கீழே விழுந்து விழுந்து இடுப்பு உயரத்துக்குக் குவியும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் அள்ளுவார்கள். அதுவரை அது அங்கேயே கிடந்து புளிக்கும். மழை பெய்த மறுநாள் அந்தக் குவியல் அசைவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பதெல்லாம் புழு. அத்தனை புழுவும் ஒரு வாரத்தில் ஈயாகி எங்கள் வீட்டுக்கு வரும்.

யார் என்ன கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்.

"எனக்கு ஒண்ணும் நாறலீங்களே."

கேட்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாலும் இதே பதில். முகத்தில் சிரிப்புக்கூட இருக்காது. நிஜமாகவே யோசிப்பதுபோல் மூச்சை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். தலையை ஆட்டுவார். பிறகு சொல்வார். அவருக்கு மூக்கு செத்துப்போய்விட்டது என்றுதான் ஊரில் நினைத்துக்கொண்டோம். பல வருடமாகக் கோழியோடேயே இருப்பவருக்கு எப்படித் தெரியும் என்று பாவம்கூடப் பட்டிருக்கிறோம்.

அவரைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வெள்ளைச் சட்டைதான் போடுவார். ஆனால் காலரில் எப்போதும் ஒரு சின்ன இறகு ஒட்டியிருக்கும். ரப்பர் செருப்பின் ஓரத்தில் பச்சையும் கறுப்புமாக எச்சம் காய்ந்திருக்கும். பேசும்போது குனிந்து நகத்தால் அதைச் சுரண்டுவார். சுரண்டிய கையால் எங்கள் வீட்டுச் சொம்பை வாங்கித் தண்ணீர் குடிப்பார். அந்தச் சொம்பைத் தனியாக வைத்திருந்தேன். வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. அது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்.

மாரியம்மன் பொங்கலுக்குக் கோயிலில் எல்லாருக்கும் பாயசம் ஊற்றினார்கள். அவர் டம்ளரில் ஈ விழுந்தது. ஒன்றல்ல, மூன்று. பக்கத்தில் இருந்தவர் தன் டம்ளரைக் கீழே கொட்டிவிட்டார். இவர் இரண்டு விரலை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்ததைச் சுண்டிவிடவும் இல்லை. நசுக்கிப் பாயசத்தை வடித்துவிட்டுப் போட்டார். குடித்து முடித்துவிட்டு, "ஈ குடிச்சது போவ மிச்சந்தானுங்க நம்மளுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததாகத்தான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அந்தப் பண்ணை வந்ததற்கு என் கையெழுத்தும் ஒரு காரணம்.

பண்ணை வைக்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டு வரி என் பேரில் இருந்தது. என் கணவர் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியோடு வடக்கே போர் போடப் போயிருந்தார். போனால் ஆறேழு மாதம் கழித்துத்தான் வருவார். மாமனாருக்குக் கண் மங்கல். நான் இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருந்தேன். இவர் வந்து வாசலில் நின்று சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார்.

"ஒண்ணும் பயந்துக்காத அம்மிணி. மத்த மூணு ஊட்டுக்காரங்களும் போட்டுட்டாங்க. நீதான் பாக்கி."

எனக்கு ஆண்களிடம் நின்று பேச வராது. பள்ளிக்கூடத்திலேயே பதில் தெரிந்தாலும் எழுந்து சொல்ல மாட்டேன். மற்ற மூன்று பேரும் போட்ட பிறகு நான் ஒருத்தி மாட்டேன் என்றால் என்ன நினைப்பார்கள் என்றுதான் தோன்றியது. கையைக் கழுவினேன், போட்டேன். காகிதத்தில் என் பேர் மட்டும் இருந்ததைப் பார்த்தேன். மற்றவர்களுடையது வேறு தாளில் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஷெட்டு எழும்பி, ஈ வந்து, ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் நாங்கள் நான்கு வீட்டுப் பெண்களும் நிற்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அவர், "மத்த மூணு பேரும் போட்டுட்டாங்க, நீங்கதான் பாக்கி" என்றே சொல்லியிருக்கிறார். எங்களில் முதலில் போட்டது யார் என்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. "நீ போட்டீன்னுதானே நான் போட்டேன்" என்று எங்களுக்குள்தான் சண்டை வந்தது. அவரிடம் போய் ஒருத்தரும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்ட வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு அட்டை முட்டை அனுப்புவார். எல்லாம் ஒடைசல். கீறல் விழுந்து, வெள்ளை கசிந்து, அதில் இறகு ஒட்டி, வரும்போதே ஈயோடு வரும். கொண்டுவந்து வைத்துவிட்டு, "புள்ளைக்கு அவிச்சுக் குடு, நல்ல சத்து" என்பார். என் மகள் முட்டையைக் கண்டாலே வெளியே ஓடுவாள். பள்ளிக்கூட பஸ்ஸில் அவள் உட்காரும் சீட்டில் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. சீருடையில் நாற்றம். நான் வீட்டுக்குள் காயவைத்து, பவுடர் போட்டு மடித்துக் கொடுத்தேன். போகவில்லை. பன்னிரண்டாவது முடிந்ததும் சேலத்தில் நர்சிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனாள். லீவு விட்டாலும் வருவதில்லை. "நீ இங்க வாம்மா" என்பாள். நான் எங்கே போவது? மாமனாரை யார் பார்ப்பது?

ஆடி மாதம் மேல்காற்று அடிக்கும்போது மதியச் சோற்றைக் கொசுவலைக்குள் உட்கார்ந்துதான் தின்ன முடியும். சிரிக்காதீர்கள். வலையைக் கட்டிலில் கட்டி, மாமனாருக்குத் தட்டை உள்ளே தள்ளிவிட்டு, ஓரத்தைக் கல் வைத்து அமுக்குவேன். வெளியே வலை முழுக்கக் கறுப்பாக ஈ உட்கார்ந்திருக்கும். அவர் தின்பதை அத்தனையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் யாரோ எழுதிப் போட்டு ஒரு அதிகாரி வந்தார். அவர் வருவது எப்படியோ முன்கூட்டியே தெரிந்து, ஷெட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது. அதிகாரி எங்கள் வாசலுக்கு வந்து, "ஏம்மா, வாடை வருதா?" என்று கேட்டார். அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் கேட்டார். மாமா அவர் பக்கத்தில் நின்றார். சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. தலையைக் குனிந்து கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அதுக்கு என்னுங்க தெரியும், கூச்சப்படற புள்ள. நாறுனாச் சொல்லாதுங்களா? அதுக்கும் ஒண்ணும் நாறல" என்று எனக்கும் சேர்த்து அவரே சொன்னார்.

ஒன்று மட்டும் நானும் மறைக்கக் கூடாது. அவர் பண்ணையின் எருவை எங்கள் காட்டுக்கு இரண்டு டிராக்டர் அடித்தோம். அந்த வருடம் கிழங்கு ஒவ்வொன்றும் என் கை நீளத்துக்கு இறங்கியிருந்தது. அவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "மண்ணுக்கு மல்லியப்பூவா போட்டு வளத்துவீங்க? நாத்தமில்லாம சோறு ஏது அம்மிணி?" அந்த எருவை முறத்தில் அள்ளி இறைத்தபோது நானும் மூக்கை மூடிக்கொள்ளாமல்தான் வேலை செய்தேன்.

பண்ணையில் நாலு காசு வந்ததும் அவர் புது வீடு கட்டினார். ஷெட்டுக்கு மேற்கே, மேட்டில். கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். பெரிய வீடு. ஷெட்டு இருக்கிற கிழக்குப் பக்கம் மட்டும் ஒரு ஜன்னல்கூட இல்லை. மொட்டைச் சுவர். "கெழக்கால வெளிச்சம் வரோணுமேங்க" என்று யாரோ கேட்டதற்கு, "வாஸ்துங்க" என்றார். ஐப்பசி, கார்த்திகையில் காற்று திரும்பிக் கிழக்கேயிருந்து மழையோடு அடிக்கும். அந்த இரண்டு மாதமும் அவரும் மனைவியும் ஈரோட்டில் மகள் வீட்டில் போய் இருப்பார்கள். "பேரனைப் பாக்காம இருக்க முடியறதில்லீங்க" என்பார். வருடம் தவறாமல் அந்த இரண்டு மாதம்தான் அவருக்குப் பேரன் ஞாபகம் வரும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சேர்த்து வைத்து யோசிக்கத் தோன்றவில்லை.

இரண்டாவது ஷெட்டுப் போடப் போகிறார் என்று பேச்சு வந்தது ஒரு ஆனி மாதம். அது இட்டேரியை ஒட்டி, எங்கள் சமையல்கட்டுக்கு எதிரே வருமாம். சமையல்கட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு வண்டி போகிற இடம்தான் இருக்கும். அதற்கு முக்கியமாக என் கையெழுத்து வேண்டும். தினமும் அவர் வருவதற்கு முன்னாலேயே மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பேன்: மாட்டேனுங்க மாமா, போட மாட்டேனுங்க. அடுப்பைப் பார்த்துச் சொன்னால் நன்றாக வரும்.

அந்தச் சமயத்தில்தான் மாமனாருக்குக் காலில் மம்பட்டி பட்டது. சுண்டு விரலுக்குப் பக்கத்தில் சின்ன வெட்டு. அவருக்குச் சர்க்கரை. ஆறவில்லை. வாரத்தில் இரண்டு நாள் சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஸ்கூட்டரில் வந்து கழுவிக் கட்டிவிட்டுப் போவார். ஆடி பிறந்த வாரம் அந்த அம்மாவின் குழந்தைக்குக் காய்ச்சல். வரவில்லை.

எங்கள் வீட்டில் மருமகள் மாமனார் முன்னால் உட்காருகிற வழக்கம் இல்லை. இத்தனை வருடத்தில் நான் அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதே குறைவு. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "சோறு வெச்சிருக்கறனுங்க" என்பேன். அவரும் சுவரைப் பார்த்து, "செரி" என்பார். அந்தக் காலைத் தொட்டுக் கட்டை அவிழ்ப்பது எனக்கும் முடியாது, அவருக்கும் கூச்சம். "நான் வேணாக் கட்டி உடட்டுங்களா?" என்று ஒரு தடவை கேட்டேன். காலைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டு, "வேண்டாம் சாமி. நர்ஸம்மா வரட்டும்" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்துக்கொண்டேன்.

இரண்டாவது நாளே வீட்டுக்குள் நாற்றம் கூடியது. மேல்காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. ஷெட்டில் எரு அள்ளுகிறார்கள் போல என்று நினைத்தேன். மேற்குப் பக்கத்து ஜன்னலையெல்லாம் சாத்தினேன். சந்துகளில் பழந்துணியைத் திணித்தேன். குறையவில்லை, இன்னும் கூடியது. பினாயில் ஊற்றித் துடைத்தேன். சாம்பிராணி போட்டேன். போட்டுக்கொண்டே பண்ணைக்கார மாமாவைத் திட்டினேன். வாய்விட்டு, நான் அதுவரை சொல்லாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். மாமனாரும் கட்டிலில் இருந்தபடி, "என்னமோ நாய் செத்தாப்புல நாறுது. கோழி நெறையச் செத்துப் போச்சாட்ட இருக்குது" என்றார். நானும், "ஆமாங்க, அவுங்க பண்ணைதானுங்க" என்றேன். நான்கு நாள் அப்படியே இருந்தோம். சமைத்தேன். தின்றோம்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணி இருக்கும். மாமா வந்தார். ஒரு கையில் ஒடைசல் முட்டை அட்டை. சட்டைப் பையில் மடித்த காகிதம் தெரிந்தது. மனத்துக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தேன்: மாட்டேனுங்க மாமா, போட மாட்டேனுங்க. வாசற்படியில் செருப்பை விட்டவர் உள்ளே ஒரு கால் வைத்தார். நின்றார். மூக்கு சுருங்கியது.

"என்ன அம்மிணி, ஊட்டுக்குள்ள இப்பிடி நாறுது?"

என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தேன். கேலி இல்லை. முட்டை அட்டையை என் கையில் திணித்துவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போனார். துண்டை விலக்கினார்.

"அண்ணா, காலைக் காட்டு."

"அட, அதொண்ணுமில்லடா—"

"காட்டுன்னா."

கட்டை அவிழ்த்தார். கடைசிச் சுற்று துணி சதையோடு ஒட்டியிருந்தது. அதையும் எடுத்தார். நான் கதவிடுக்கில் பார்த்தேன். புண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. ஷெட்டுக்குக் கீழே மழைக்கு மறுநாள் அசையுமே, அதே மாதிரி.

முட்டை அட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தேன். ஜன்னல் சந்தில் நான் துணி திணித்தது, உள்ளே இருந்ததை வெளியே விடாமல் அடைத்ததுதான் என்று அப்போது தெரிந்தது. எப்போதும் நாறுகிற ஊரில் எது எதனுடைய நாற்றம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியாமல் போயிருந்தது. இது வேறு எந்த ஊரில் நடக்கும்?

"அம்மிணி, வெந்நி வெய்யி. உப்புப் போடு. முள்ளுவாங்கி இருந்தா எடுத்துட்டு வா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கொண்டுபோய்க் கதவோரம் வைத்தேன். அவர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மாமனார் காலைத் தன் தொடையில் வைத்திருந்தார். வெந்நீரை ஊற்றி ஊற்றிக் கழுவினார். முள்வாங்கியால் ஒவ்வொன்றாக எடுத்து என் சொம்பில், அவருக்கென்று நான் தனியாக வைத்திருந்த அந்தச் சொம்பில், போட்டார். முள்வாங்கிக்குச் சிக்காததை விரலாலேயே எடுத்தார். செம்மறிக் குட்டியின் குளம்பில் புண்ணானால் பேசுவார்களே, அதேபோல் பேசிக்கொண்டே எடுத்தார்.

"ஆச்சுண்ணா, ஆச்சு. இன்னும் ரெண்டே ரெண்டு. அசையாத. ஏண்ணா, உனக்கு வலிக்கலியா?"

"ஒண்ணும் தெரியலடா" என்றார் மாமனார். தெரியாததை நினைத்துத்தானோ என்னவோ அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "உன்ற கையில போயி..."

"கை என்னண்ணா, கழுவுனாப் போகுது."

அரை மணி நேரம் ஆனது. இந்த வீட்டுக்கு நான் மருமகள். என்னால் முடியாததை, என் கணவர் இருந்தாலும் செய்திருப்பாரா என்று தெரியாததை, அவர் செய்தார். எனக்குத் தெரியும். அப்போதும் எனக்கு அவர்மேல் அருவருப்பாகத்தான் இருந்தது. அந்தப் புழு யாருடைய பண்ணை ஈ இட்ட முட்டையில் வந்தது என்ற நினைப்பு மனத்தை விட்டுப் போகவில்லை.

சுத்தமான துணியைச் சுற்றிவிட்டு, முட்டை ஏற்றுகிற வண்டியை வரச் சொல்லி டிரைவருக்குப் போன் செய்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. பிறகு வெளியே தொட்டிக்கு வந்தார். நான் சோப்பைக் கல்லின்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். கையைக் கழுவினார். விரல்களை மூக்குக்குக் கொண்டுபோனார். முகத்தைச் சுளித்தார். மறுபடியும் சோப்புப் போட்டார். மறுபடியும் மோந்தார். மூன்றாவது தடவை நகத்துக்குள் எல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டு, உள்ளங்கையை மோந்து பார்த்து, போதும் என்பதுபோல் தலையாட்டினார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மொட்டைச் சுவரும் ஈரோட்டுப் பேரனும் அப்போதுதான் எனக்குள் ஒன்றாகச் சேர்ந்தன. இந்த மனிதனுக்கு மூக்கு இருக்கிறது. எங்கள் எல்லாரையும்விட நல்ல மூக்கு. முதல் நாளிலிருந்து இருந்திருக்கிறது.

ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார்.

"வண்டி வாரதுக்குள்ள அப்பிடியே இதுலயும் ஒரு கையெழுத்துப் போட்டுரு அம்மிணி. எல்லாரும் போட்டாச்சு. நீதான் பாக்கி."

பேனாவையும் நீட்டினார்.

உள்ளே கட்டிலிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "போட்டுக் குடு சாமி. அவன் இன்னிக்குப் பண்ணுன காரியத்துக்கு நாம செருப்பாத் தேஞ்சாலும் பத்தாது."

பேனாவை வாங்கினேன். பிறகு அதை அவர் பக்கம் தொட்டிக் கட்டையின்மேல் வைத்தேன்.

"மாட்டேனுங்க மாமா."

அடுப்பைப் பார்த்துச் சொன்னதைவிடச் சின்னதாகத்தான் வந்தது.

"ஏன் அம்மிணி?"

"நாறுதுங்க."

அவர் எப்போதும் செய்வதுபோல் மூச்சை ஒருமுறை இழுத்தார். "எனக்கு ஒண்ணும்..." என்று ஆரம்பித்தார். அவர் கை இன்னும் மூக்குக்குக் கொஞ்சம் கீழே, ஈரமாக, சோப்பு வாசனையோடு இருந்தது. என்னைப் பார்த்தார். நான் தலை குனியவில்லை. அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இட்டேரியை ஒட்டி அந்த ஷெட்டு வரவில்லை. ஆனால் அவருடைய காட்டின் வடகோடியில் வந்தது. அங்கே கையெழுத்துப் போட வேறு இரண்டு வீடுகள் இருந்தன. காற்றுக்குத் திசையா இல்லை? வருடத்தில் சில மாதம் அதுவும் எங்களுக்கு வருகிறது. மாமனாருக்கு இரண்டு விரல் எடுத்தார்கள், கால் தப்பியது. இன்னும் நான்கு நாள் விட்டிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்த பிறகும் வெகுநாள் மாமனார் என்னிடம் சரியாகப் பேசவில்லை. "காலைக் காப்பாத்துனவனுக்கு ஒரு கையெழுத்து" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அவர் சொல்வதும் நியாயம்தான். அந்தக் காலை இப்போது நான்தான் கழுவிக் கட்டுகிறேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். நான் கட்டை மட்டும் பார்ப்பேன். மகளிடம் போனில் கேட்டுக் கேட்டுப் பழகினேன். நர்ஸம்மா வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

மாமா இப்போது பண்ணையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஈரோட்டிலேயே இருக்கிறார். வருடம் முழுக்கப் பேரன் ஞாபகம் வந்துவிட்டது.

அவரை நினைத்தால் முதலில் கோழியும் பாயசமும்தான் வரும். அதற்குப் பிறகு அந்த வண்டி வரும்.

அன்றைக்கு வண்டியில் முட்டை அட்டைகளை ஓரமாக அடுக்கி, நடுவில் பாயை விரித்து மாமனாரைப் படுக்கவைத்தோம். நான் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். கையெழுத்துப் போடாதவளோடு அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். ஏறிக்கொண்டார். மாமனாரின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, குலுங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் தோள் துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துச் சுற்றிப் பின்னால் முடிந்தார். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. கண் மட்டும் தெரிந்தது.

இட்டேரி முடிகிற இடத்தில் அவர் பண்ணை. வாசலில் நான்கைந்து ஆட்கள் தீவன மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் நிமிர்ந்தார்கள். அவர் சட்டென்று ஒரு கையை எடுத்துத் துண்டை மூக்குக்குக் கீழே இறக்கினார். அவர்களைப் பார்த்துச் சிரித்தார். மூச்சை நன்றாக ஒருமுறை இழுத்தும் காட்டினார்.

ஷெட்டு தாண்டியதும் துண்டை மறுபடி மேலே ஏற்றிக்கொண்டார்.